பாலத்து இறக்கத்தில் நின்ற வண்டி

சுற்றுலா வருகிறவர்களுக்குப் பாம்பன் பாலம் என்றால் ஏற்றம். கார் மேலே ஏற ஏற இரண்டு பக்கமும் கடல் விரிந்துகொண்டே போகும். அந்த உச்சிக்காகவே வருகிறார்கள். எனக்கு அது இறக்கம். மீன் பெட்டியும் ஐஸுமாகப் பாரம் ஏற்றிய பழைய பிக்கப் வண்டியை உச்சியிலிருந்து மண்டபம் பக்கம் இறக்கி முடிப்பதற்குள் என் வலது கால் கட்டையாகிவிடும். அன்றைக்குக் கடல் என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும்தான் என் கண்ணில் இருக்கும்.

பாம்பனில் மீன் வாங்கி இராமநாதபுரம் மார்க்கெட்டில் விற்பது எங்கள் தொழில். எங்கள் என்றால் நானும் என் வீட்டுக்காரரின் அக்காவும். அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். ஏலத்தில் மீன் எடுப்பதும் மார்க்கெட்டில் பேரம் பேசுவதும் மதினி. வண்டி ஓட்டுவது நான். முன்பெல்லாம் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்போம். மீன் நாற்றம் என்று ஏற்றாமல் போகிற பஸ்தான் அதிகம். ஒரு நாள் வெயிலில் கெட்டுப்போன ஒரு கூடை நெத்திலியை ரோட்டோரம் கொட்டிவிட்டு மதினி, "நாமளே ஒரு வண்டி வாங்குனா என்ன?" என்றார். வாங்கினோம். எங்களுக்கு முன் பல கைகள் மாறிய வண்டி அது. நான் மண்டபத்துக்குப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தேன். பொம்பளை பிக்கப் ஓட்டுகிறாளா என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டு மீன் பெட்டிகளையும் பிறகு நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன்.

எஞ்சினைப் பற்றி எனக்குக் குறையே இருந்ததில்லை. என் வீட்டுக்காரர் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். கடலுக்கு நடுவில் நின்றுபோன எஞ்சினைக்கூட செல்போனில் சத்தம் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். எங்கள் வண்டி காலையில் முதல் சாவிக்கே எழுந்துகொள்ளும். பிரேக்தான் வேதனை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மிதியை இரட்டிப்பாக்கித் தருகிற பூஸ்டர் கிடையாது. ஓட்டுகிறவர் காலில் உள்ள பலம்தான் பலம். பெடலை மிதித்தால் பாதி தூரம் சும்மா போகும், அப்புறம்தான் பிடிக்க யோசிக்கும். மழை நாளில் வண்டி இடது பக்கம் இழுக்கும். பாலத்து உச்சிக்கு வந்ததும் நான் இரண்டாம் கியருக்கு இறங்கிவிடுவேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். மதினி பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டு வருவார்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கச் சில நாள் இருக்கும்போது அது நடந்தது. அன்றைக்கு நல்ல பாரம். இறக்கத்தில் எனக்கு முன்னால் ஒரு சுற்றுலா பஸ் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நான் மிதித்து மிதித்து வந்ததில் டிரம்முக்குள் உரசுகிற லைனிங் சூடாகி, கருகல் வாசனை கேபினுக்குள் வந்தது. பஸ் சட்டென்று நின்றது. நான் மிதித்தேன். பெடல் வெண்ணெயில் கால் வைத்தது போலத் தரைவரை போனது. மறுபடி மிதித்தேன், மறுபடியும் தரை. "மாதாவே" என்று மதினி கத்தியது கேட்டது. கையால் ஹேண்ட் பிரேக்கை மேலே இழுத்து, கியரை முரட்டுத்தனமாக ஒன்றுக்குத் தள்ளினேன். எஞ்சின் அலறியது. வண்டி குலுங்கிக் குலுங்கி, பஸ்ஸின் பின்பக்கத்துக்கு ஒரு கை அகலம் இருக்கும்போது நின்றது. பஸ்ஸின் பின் கண்ணாடியில் ஒரு சின்னப் பிள்ளை முகத்தை ஒட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தது. நான் பதிலுக்குக் கையை ஆட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஓரமாக நிறுத்திச் சூடு ஆறவிட்ட பிறகு பெடல் ஓரளவு பிடித்தது. ஊர்ந்தே இராமநாதபுரம் போய்ச் சேரும் வரை மதினி வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாமல் வந்த ஒரே பயணம் அதுதான். மார்க்கெட் வாசலில் இறங்கும்போது சொன்னார்: "ஏ புள்ள, இனிமே நான் பஸ்ஸுல வாரேன். கோவிச்சுக்காத."

தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப் படகுகள் கொண்டுவருகிற மீனை ஊரே வாங்கிக்கொள்ளும். எங்கள் வண்டிக்கு வேலை குறைவு, என் வீட்டுக்காரருக்கு வேலை அதிகம். படகுகள் எல்லாம் அப்போதுதான் பழுது பார்க்க வரும். அந்த வருஷம் அவர் படகு வேலைகளில் பாதியைத் தன்னோடு வேலை பார்க்கும் தம்பிமாரிடம் தள்ளிவிட்டு, நம் வண்டியை முழுசாகப் பிரித்துச் செய்யப் போகிறேன் என்றார். செய்ய வேண்டிய நிலைமைதான். மீன் பெட்டியிலிருந்து வடிகிற உப்புத்தண்ணீர் அடிச்சட்டத்தைத் தின்றுகொண்டே வந்திருந்தது. பின்பக்கத் தொட்டியில் ஓட்டை வழியாக ரோடு தெரியும்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் வண்டியைக் கட்டைகள் மேல் தூக்கி வைத்தார். தொட்டியைக் கழற்றினார். எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கி வெளியே எடுத்தார். அதைத் துடைத்து, பிரித்து, வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொரு சாமானாக வரிசையாக வைத்தார். கல்யாண வீட்டுச் சீர் வரிசை போல இருந்தது.

"ரிங்கு மாத்தி, ஹெட்டு வேலை பாத்து மாட்டுனேன்னு வையி, புது வண்டி மாதிரி ஓடும்" என்றார்.

"ஓடும். நிக்குமா?"

"இத்தன வருசமா நின்னுச்சுல்ல?"

"அது நிக்கலங்க. நான் நிறுத்துனேன்."

அவர் சிரித்தார். "லைனிங் புதுசு போட்டுருவோம். போதும்ல?"

"போதாது. புது வண்டிக்கெல்லாம் முன்னாடி டிஸ்க் பிரேக் வருது, பூஸ்டர் வருது. நமக்கும் அது வேணும்."

"வண்டியில இல்லாத சாமானை எங்கன கொண்டுபோய் மாட்டுறது? எஞ்சின் நல்லா இருந்தாப் போதும், மத்ததெல்லாம்..."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? படகுக்குப் பிரேக்கே கிடையாது. நீங்க பாத்த சாமான் எல்லாமே ஓடுறதுக்கு மட்டுந்தான்."

அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எஞ்சின் பக்கம் திரும்பிவிட்டார். கொட்டகை வாசலில் வலை கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்த மதினி, தலையைத் தூக்காமலே, "ஏலே தம்பி, பஸ்ஸு ஒரு கை அகலத்துல இருந்துச்சு. நீ அங்கன இல்ல" என்றார்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் அடிச்சட்டத்தின் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் டீ கொண்டுபோனேன். சட்டத்தின் உள்பக்கமாகப் பின் சக்கரத்துக்குப் போகிற பிரேக் குழாயைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். பெரிய பலம் ஒன்றும் கொடுக்கவில்லை. அந்த இரும்புக் குழாய் அவர் கையிலேயே பொடியாக உதிர்ந்தது. உள்ளங்கையில் பழுப்பு நிறத் தூளும் ஒரு விரல் நீளத் துண்டும். அதைப் பார்த்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டார். நான் டீயைப் பக்கத்தில் வைத்தேன்.

"இதை வச்சிக்கிட்டா பாலத்துல இறங்குன?" என்றார்.



டீயைக் குடிக்காமலே கையைக் கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "கெளம்பு. மதுரைக்குப் போவோம்" என்றார்.

மதுரையில் உள்ள காயலான் கடைகளில் ஒரு நாள் முழுக்க அலைந்தோம். பழைய வண்டிகளைப் பிரித்து எடை போட்டு விற்கிற இடம். எங்கள் வண்டியின் அதே கம்பெனி, அதே அடிச்சட்டம், ஆனால் பிற்பாடு வந்த மாடல் ஒன்று அங்கே கிடந்தது. பின்பக்கம் லாரி மோதி அப்பளமாகியிருந்தது. முன்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். என் வீட்டுக்காரர் அதன் கீழே படுத்து அளவு பார்த்துவிட்டு, முகமெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தார். "நம்ம வண்டிக்கு அப்படியே உக்காரும்" என்றார். அந்த முகத்தில் எனக்குப் பிடித்த ஒன்று இருந்தது. அவருக்கு வேலை பிடித்துவிட்டது.

சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர்கள் இரண்டு, பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். டிஸ்க்குகளையும் அவற்றைப் பிடிக்கிற பேடுகளையும் மட்டும் கடையில் புதிதாக வாங்கியிருந்தோம். கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்து, "என்னம்மா இது, மீனா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, பிரேக்கு."

அவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வேலை நாங்கள் நினைத்தது போல நேர்கோட்டில் போகவில்லை. எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் பழைய சக்கரத்தைப் போட்டால் சுற்றவே இல்லை. காலிப்பர் ரிம்மின் உள்பக்கத்தில் இடித்தது. புது மாடலின் ரிம் கொஞ்சம் பெரிது. மறுபடி மதுரைக்குப் போனோம். அப்புறம் வேலை பூஸ்டரில் வந்து நின்றது. அது வேலை செய்யக் காற்றை உறிஞ்சுகிற பம்ப் ஒன்று எஞ்சினோடு சுற்ற வேண்டும். எங்கள் பழைய எஞ்சினில் அதற்கு இடமே கிடையாது. என் வீட்டுக்காரர் அதை ஒரு போட்டியாகவே எடுத்துக்கொண்டார். பம்போடு சேர்ந்து வருகிற ஆல்டர்னேட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதைத் தாங்க ஒரு இரும்புப் பட்டையைத் தானே வளைத்து, துளை போட்டு, வெல்டு வைத்து மாட்டினார். எஞ்சினைத் திரும்பப் பூட்டி ஓடவிட்டுப் பம்பின் வாயில் உள்ளங்கையை வைத்தபோது அது கையை இழுத்துப் பிடித்துக்கொண்டது. "பாரு, விட மாட்டேங்குது" என்று சின்னப்பிள்ளை போலக் காட்டினார். மதினியும் தன் கையை வைத்துப் பார்த்தார். அன்று சாயங்காலம் வீட்டில் இறால் தொக்கு.

குழாய் வேலைக்கு இராமநாதபுரத்திலிருந்து பிரேக் வேலை மட்டுமே பார்க்கிற ஒருவரை அழைத்து வந்தோம். ஊர் முழுக்க அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும். என் வீட்டுக்காரருக்குப் பழைய கூட்டாளி. உப்புக்காற்றில் துருப்பிடிக்காத செம்புக் கலவைக் குழாயைக் கொண்டுவந்து, ஒவ்வொரு வளைவையும் கையாலேயே வளைத்து, சட்டத்தை ஒட்டி நூல் பிடித்தது போல ஓட்டினார். பார்க்கவே அழகாக இருந்தது.

இனி மிச்சம் காற்றை எடுப்பதுதான். பிரேக் குழாய்க்குள் எண்ணெய் மட்டும்தான் இருக்க வேண்டும். கொஞ்சம் காற்று தங்கினாலும் மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் காற்றை நசுக்குவதற்கே போய்விடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. அதனால் ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தருகே இருக்கிற சின்னத் திருகைத் திறந்து காற்றையும் எண்ணெயையும் வெளியே விட வேண்டும். பெடலில் நான் உட்கார்ந்தேன். கீழே பாய்.

"மிதி தங்கச்சி... பிடிச்சுக்க... ஆங், விடு."

மிதித்தேன், பிடித்தேன், விட்டேன். திருகில் மாட்டிய கண்ணாடி டியூபில் முதலில் குமிழ் குமிழாக வந்தது, அப்புறம் வெறும் எண்ணெய். எல்லாச் சக்கரமும் முடிந்தது. மிதித்துப் பார்த்தேன். பெடல் மெத்தையில் மிதித்தது போல உள்ளே போனது. இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் இறுகும், ஒரு நிமிஷம் விட்டால் மறுபடி மெத்தை.

திரும்பவும் முதலிலிருந்து செய்தோம். அதே மெத்தை. "மாஸ்டர் சிலிண்டர் போச்சு மாப்ள. பழைய சாமான்தான?" என்றார் பாய். மறுநாள் புது மாஸ்டர் சிலிண்டர் வந்தது. மாட்டி, காற்றெடுத்து, மிதித்தேன். மெத்தை. பூஸ்டரைச் சந்தேகப்பட்டார்கள். குழாய் மூட்டுகளைச் சோப்பு நீர் விட்டுப் பார்த்தார்கள். ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. தடைக்காலம் முடிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கரையில் படகுகளுக்குப் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டார்கள். ஐஸ் கம்பெனிக்காரர் எங்களுக்கு எத்தனை பாளம் வேண்டும் என்று கேட்டு ஆள் விட்டுவிட்டார்.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "பேசாம பழைய டிரம்மையே மாட்டிருவமா? புதுக் குழாய், புது லைனிங் போட்டு..." என்றார். குரலில் பலம் இல்லை. பாய் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தப் பிரேக்கை இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டு விடுவதா? போய் முன்சக்கரத்துக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இதுவரை நான் பெடலில்தான் இருந்தேன். காற்றெடுக்கிற இடத்தை நேராகப் பார்த்ததே இல்லை. காலிப்பர் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டு இருந்தது. எண்ணெய் வருகிற ரப்பர் ஹோஸ் ஒரு பக்கம். காற்று விடுகிற திருகு அதன் கீழ்க் கோடியில், தரையைப் பார்த்தபடி.

எங்கள் ஐஸ் பெட்டிகளுக்கு அடியில் ஒரு துளை உண்டு. மார்க்கெட் வந்ததும் அடைப்பைப் பிடுங்கினால் உருகிய தண்ணீர் அந்த வழியாக ஓடிவிடும். தண்ணீர்தான் ஓடும். பெட்டிக்குள் மேலே இருக்கிற காற்று அந்த வழியாக வருமா?

"பாய், காத்து மேலதான நிக்கும்?"

"ஆமா."

"நீங்க தெறக்குற திருகு கீழல்ல இருக்கு. அங்கன எண்ணெய்தான வரும்? காத்து அதுக்கு மேல உக்காந்துக்கிட்டுல்ல இருக்கும்?"

பாய் துடைத்துக்கொண்டிருந்த துணியோடு அப்படியே நின்றார். பிறகு என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தார். எழுந்து போய் அந்தப் பக்கத்துச் சக்கரத்தைப் பார்த்தார். அங்கேயும் திருகு கீழே. என் வீட்டுக்காரர் தூணை விட்டு எழுந்து வந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யா அல்லா! மாப்ள, இடதை வலதுலயும் வலதை இடதுலயும்ல மாட்டியிருக்கோம்!"

சாக்கிலிருந்து எடுக்கும்போது இரண்டு காலிப்பரும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே மாதிரி இருந்தன. மாற்றி மாட்டினாலும் போல்ட் சரியாக உட்கார்ந்தது. திருகு மட்டும் தலைகீழாகிவிட்டது. பாய் தன் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். எனக்கு உள்ளங்கால் வரைக்கும் சந்தோஷம் இறங்கியது. நான் மட்டும் சிரிக்காமல், "சீக்கிரம் மாத்துங்க" என்றேன்.

கழற்றி மாற்றினார்கள். இப்போது திருகு வானத்தைப் பார்த்தது. நான் பெடலுக்குப் போனேன். மிதி, பிடி, விடு. டியூபில் சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் ஊற்றியது போலப் புசுபுசுவென்று காற்று வந்தது. அடேயப்பா, எவ்வளவு காற்று! அது அடங்கி, வெறும் எண்ணெயாக வந்ததும் பாய் திருகை இறுக்கினார்.

"இப்ப மிதி."

மிதித்தேன். பெடல் கொஞ்சம் போய், கல்லாக நின்றது. முழுப் பலத்தோடு அழுத்தினேன். நகரவில்லை. கொட்டகைக்கு வெளியே இருந்த மதினிக்குக் கேட்கும்படி நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. மதினி வலையைப் போட்டுவிட்டு, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடிவந்தார்.

பாய் கிளம்பும்போது, "இனிமே பிரேக்குல சந்தேகம்னா ஒன்னையத்தான் கூப்பிடுவேன் தங்கச்சி" என்றார். விளையாட்டுக்குச் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் இரண்டு தடவை போன் போட்டார்.

பாலத்துக்குப் போகாமல், ஊருக்கு எதிர்ப்பக்கம் நேராகப் போகிற ரோட்டில்தான் முதலில் ஓட்டிப் பார்த்தோம். பக்கத்தில் என் வீட்டுக்காரர். எஞ்சின் பூனை போல இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது, சொன்னேன். முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடம் பார்த்து, "பிடிச்சுக்கங்க" என்றேன்.

"நீ அடி, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அடித்தேன். வண்டி ரோட்டைக் கவ்வியது போல நின்றது. இடதிலும் இழுக்கவில்லை, வலதிலும் இழுக்கவில்லை. அவருடைய கண்ணாடி மூக்கை விட்டுப் பறந்துபோய் டேஷ்போர்டில் விழுந்தது. அதைத் தடவி எடுத்து மாட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னொருக்க அடி" என்றார்.

தகுதிச் சான்றுக்கு வண்டியை இராமநாதபுரம் கொண்டுபோனபோது, முன்பிரேக் மாற்றியதைச் சொல்லி, அதே கம்பெனியின் பிந்தைய மாடல் சாமான்கள்தான் என்று காட்டினோம். ஆய்வாளர் பொறுமையானவர். கீழே குனிந்து டார்ச் அடித்து எல்லாம் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம், "ஏறுங்க, ஓட்டிக் காட்டுங்க" என்றார். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்து என்னைக் கைகாட்டினார். "டிரைவர் அவங்க சார்." நான் ஏறினேன். ஆய்வாளர் கையைத் தூக்கிய இடத்தில் வண்டி நின்றது. அவர் தலையை ஆட்டிவிட்டு, "வேலை யார் பார்த்தது?" என்று கேட்டார். "நாங்கதான் சார்" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

தடைக்காலம் முடிந்து படகுகள் திரும்பிய முதல் நாள் கரை திருவிழாவாக இருந்தது. சீலா, பாறை, விளைமீன், கணவாய் என்று குவிந்து கிடந்தது. மதினி ஏலத்தில் குரல் கட்டும்வரை கத்தி எடுத்தார். பெட்டிகள் தொட்டியை நிரப்பின. வண்டியின் பின்பக்கம் அழுந்தி உட்கார்ந்தது. மதினி ஒரு கணம் பஸ் நிறுத்தம் பக்கம் பார்த்தார். பிறகு கேபின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். நான் சாவியைத் திருப்பினேன்.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. பாலத்தில் ஏறி உச்சியைத் தாண்டினோம். நான் பழக்கத்தில் இரண்டாம் கியருக்குக் கையைக் கொண்டுபோய், பிறகு எடுத்துவிட்டேன். மூன்றிலேயே இறங்கினோம். எங்களுக்கு முன்னால் ஒரு வெளியூர்க் கார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ரயில் பாலத்தில் ரயில் வந்தது. காரின் பிரேக் விளக்குகூடச் சரியாக எரியவில்லை. நடுரோட்டில் அப்படியே நின்றது. கதவு திறந்து, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா இறங்கினார். அவர் என் வண்டிப் பக்கம் பார்க்கவே இல்லை.

நான் மிதித்தேன்.

பெடல் என் காலுக்குப் பதில் சொன்னது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அத்தனை பாரமும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது, ஐஸ் பெட்டிகள் கேபினில் வந்து மோதின. வண்டி நேராக, ஒரு முழம்கூட விலகாமல், நின்றது. காருக்கும் எங்களுக்கும் நடுவில் இன்னொரு வண்டியை நிறுத்துகிற அளவுக்கு இடம் இருந்தது.

மதினி கையை டேஷ்போர்டில் ஊன்றியபடி, அந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"ஏம்மா, ரோட்டுக்கு நடுவுலயா எறங்குவ? உன் பிள்ளைகளுக்கு நீ வேணாமா? நாங்க நிறுத்துனோம், பின்னாடி வாரவன் நிறுத்துவானா?"

அந்த அம்மா அப்போதுதான் திரும்பி, வண்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போனார். கார் ஓட்டியவர் இறங்கி வந்து, "மன்னிச்சிருங்க, ரயிலப் பாத்ததும் அப்படியே..." என்று இழுத்தார். "ஏறுங்க, ஏறி ஓரமாப் போங்க" என்று நான் சொன்னேன். எனக்குக் கோபமே வரவில்லை. பயமும் இல்லை.  அவர்கள் ஏறி, கதவைச் சாத்தி, காரை எடுக்கும் வரை நான் பிரேக்கில் கால் வைத்துக் காத்திருந்தேன். அந்த இறக்கத்தில் நான் வேண்டும் என்று நின்றது அதுதான் முதல் தடவை.

அப்போது வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். கடல் கரையோரம் இளம்பச்சையாக இருந்தது. தள்ளிப்போகக் கறுத்து நீலமாக, காற்றில் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. ரயில் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. கீழே நாட்டுப் படகுகள் வரிசையாக ஆடின. இத்தனை வருஷம் இதன் மேலேயே போய் வந்திருக்கிறேன்.

"என்னத்தப் பாக்குற?" என்றார் மதினி.

"கடலை."

"நீ பாக்காத கடலா? எடு வண்டிய, வெல எறங்கிரும்."

அன்று மார்க்கெட்டில் நாங்கள்தான் முதலில் பெட்டியைத் திறந்தோம். மதினி ஒவ்வொரு வாடிக்கைக்காரரிடமும் மீன் விலையைச் சொல்வதற்கு முன்னால் பிரேக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. கடைசி வாடிக்கைக்காரர் வந்தபோது இரண்டு லாரி நிற்கிற அளவுக்கு இருந்தது. நான் திருத்தவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் கையை நீட்டிச் சாவியைக் கேட்டார். அவர் அந்த வண்டியை ரோட்டில் ஓட்டியது குறைவு. எஞ்சின் போட்டுப் பார்ப்பதோடு சரி. கேபினில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். தனுஷ்கோடி ரோடு நேராகப் போகும், இரண்டு பக்கமும் மணலும் கடலும்தான். வெயில் ஏறாத நேரம், ரோட்டில் ஆளே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் ஒன்றுமில்லாத இடத்தில் பிரேக்கை மிதித்தார். நாங்கள் மூன்று பேரும் முன்னால் போய் வந்தோம். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏலே, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார் மதினி.

அவர் வண்டியை எடுத்தார். வேகம் பிடித்தார். மறுபடியும் மிதித்தார்.